காலிப் பெட்டியே 3.4 கிலோ: இலேசான சக்கரப் பெட்டியா, உறுதியானதா?

#1 வழிப்போக்கன்

அடுத்த மாதம் ஐந்து நாள் வேலைப் பயணம் போகிறேன். விமானத்தில் கைப்பெட்டிக்கு அனுமதி 7 கிலோ. செக்-இன் பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்பதால் அந்தப் பேச்சே இல்லை. நேற்று என் பழைய சக்கரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும், அது இல்லாமல் ஒருமுறையும் எடை மெஷினில் ஏறி நின்றேன். வித்தியாசம் 3.4 கிலோ. உள்ளே ஒரு கைக்குட்டைகூட வைக்கவில்லை, வெறும் பெட்டி!

மடிக்கணினி, சார்ஜர், கோப்புகள் எல்லாம் சேர்ந்தால் 2 கிலோவைத் தாண்டுகிறது. மிச்சமிருக்கும் ஒன்றரைக் கிலோவில் ஐந்து நாள் உடுப்பை எப்படி அடக்குவது? இரண்டு பெட்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று நைலான் துணி, இரண்டு சக்கரம், 1.9 கிலோ. மற்றது பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ஓடு, நான்கு சக்கரம், 2.8 கிலோ. எதை வாங்கலாம்?

#2 இறகு

1.9 கிலோ. யோசிக்கவே வேண்டாம்.

இடைப்பட்ட 900 கிராமில் இரண்டு சட்டையும் ஒரு கால்சட்டையும் வந்துவிடும். சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் கூடுகள், நீட்டி மடக்கும் அலுமினியக் குழாய்கள், உள்சட்டகம் ஆகியவைதான் பெட்டியின் எடையில் கணிசமான பங்கைத் தின்பவை. சக்கரம் நான்கிலிருந்து இரண்டாகும்போதே சுமை குறைகிறது. இன்னொன்று: "விரித்துப் பெரிதாக்கலாம்" என்று கூடுதல் ஜிப் வைத்த பெட்டியை வாங்காதீர்கள். விரித்தால் விமான நிலையத்தின் அளவுக் கூட்டுக்குள் நுழையாது. விரிக்காவிட்டால் அந்த ஜிப்பையும் மடிப்புத் துணியையும் காலமெல்லாம் சும்மா சுமப்பீர்கள்.

#3 பழையபெட்டி

இந்த இலேசான பெட்டிப் பித்தில் நானும் ஒருமுறை விழுந்தேன். 1.7 கிலோ. கடையில் ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்துப் பூரித்துப் போனேன்.

மூன்றாவது பயணத்தில், ஒரு முனையத்திலிருந்து அடுத்ததற்கு ஓடும்போது கைப்பிடி பாதி உயரத்தில் சிக்கிக்கொண்டது. குழாய் காகிதம்போல மெல்லியது. யாரோ மேலே பெட்டியை வைத்து அழுத்தியதில் ஒரு பக்கம் நெளிந்திருந்தது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. முழுதாக நீளாததால் குனிந்தபடியே இழுத்தேன். விமானத்துக்குள் போனால், மடங்காத கைப்பிடியோடு தலைக்கு மேலுள்ள அடுக்கின் கதவு மூடவில்லை. பணிப்பெண் வந்து, நான் வந்து, பக்கத்து இருக்கைக்காரர் வந்து, மூன்று பேரும் மாறி மாறிக் குத்திப் பார்த்தோம். கடைசியில் அது சரக்கறைக்குப் போனது.

மிச்சம் பிடித்த கிராம் எல்லாம் அன்றைக்கே கணக்குத் தீர்ந்தது. வழிப்போக்கரே, வாங்கும்போது கைப்பிடியை முழுக்க நீட்டி, இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஓரளவு ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும். கடகடவென்று ஆடினால் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

#4 இறகு

> மிச்சம் பிடித்த கிராம் எல்லாம் அன்றைக்கே கணக்குத் தீர்ந்தது

அது மட்டமான பெட்டியின் கதை. இலேசான பெட்டியின் கதையல்ல. இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள். கனமான பெட்டியிலும் கைப்பிடி சிக்கும். துணிப் பெட்டியில் நெய்த நைலான் எத்தனை டெனியர் (நூலின் பருமனைச் சொல்லும் அளவு), ஜிப்பின் பல்வரிசை எவ்வளவு அகலம், கைப்பிடி தைக்கப்பட்ட இடத்தில் எத்தனை தையல் என்று பாருங்கள். அவை சரியாக இருந்தால் 2 கிலோப் பெட்டி பல வருடம் உழைக்கும்.

ஓட்டுப் பெட்டிக்காரர்கள் எப்போதும் மறைக்கும் ஒன்று உண்டு. பெரும்பாலான ஓட்டுப் பெட்டிகள் நடுவில் இரண்டாகப் பிளந்து திறக்கும். சின்ன ஓட்டல் அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அதை விரித்து வைக்க இடமேது? துணிப் பெட்டியின் மூடி மேலே திறக்கும், வெளியிலும் ஒரு பை இருக்கும்.

#5 தோள்பட்டை

எனக்கு வயது அறுபதைத் தாண்டியது, வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. உங்கள் இருவர் பேச்சிலும் அதை இழுக்கிற ஆள் எங்கேயும் இல்லை.

இரண்டு சக்கரப் பெட்டியைச் சாய்த்துத்தான் இழுக்க வேண்டும். சாய்த்த நொடியே சுமையில் ஒரு பங்கு கைக்கு வந்துவிடுகிறது. பாதுகாப்புச் சோதனை வரிசையில் அரை மணி நேரம், இரண்டடி நகர்ந்து நின்று, இரண்டடி நகர்ந்து நின்று... ஒவ்வொரு முறையும் சாய், நிமிர்த்து, சாய், நிமிர்த்து. நான்கு சக்கரப் பெட்டி பக்கத்திலேயே நிமிர்ந்தபடி வருகிறது. ஒரு விரலால் தள்ளினால் போதும். விமானத்தின் குறுகலான நடைபாதையில் பக்கவாட்டாகவும் உருட்டலாம். எனக்கு 2.8 கிலோப் பெட்டிதான் இலேசானது.

#6 பழையபெட்டி

அம்மா சொல்வது வழவழப்பான தரைக்குப் பொருந்தும். கல் பாவிய தெருவில் நான்கு சக்கரப் பெட்டியைத் தள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? சின்னச் சக்கரங்கள் இடுக்கில் மாட்டி ஒவ்வொன்றும் ஒரு திசைக்குத் திரும்பும். பஸ்ஸிலோ ரயிலிலோ கையை எடுத்தால், பிரேக் போடும்போது அது தானாக உலாவப் புறப்பட்டுவிடும்.

இதில் ஒரு பழங்கதையும் உண்டு. (நிலவில் கால் வைத்த பிறகே பெட்டிக்குச் சக்கரம் வந்தது என்று யாரும் தொடங்க வேண்டாம், கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.) பெர்னார்ட் சாடோ என்பவர் 1970இல் விண்ணப்பித்து 1972இல் காப்புரிமை பெற்ற பெட்டிக்கு நான்கு சக்கரங்கள்தான். வாரைக் கட்டி நாய்க்குட்டியைப்போல இழுத்துப் போக வேண்டும். 1987இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி அதை நிமிர்த்தி, இரண்டு சக்கரமும் நீளும் கைப்பிடியும் வைத்தார். தினமும் பெட்டி இழுக்கிற தொழில்காரர் போய் நின்ற இடம் இரண்டு சக்கரம்.

#7 தோள்பட்டை

வாரில் இழுத்த நான்கு வேறு, எந்தத் திசையிலும் சுழலும் இன்றைய நான்கு வேறு. அந்த விமானிக்கு அன்று சுழல் சக்கரம் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கல் பாவிய தெருவில் நானும் பெட்டியைச் சாய்த்து இரண்டு சக்கரத்தில் இழுப்பேன். நான்கில் இரண்டு அடக்கம். இரண்டில் நான்கு அடங்குமா?

#8 முதுகுப்பை

சக்கரமே வேண்டாம். 40 லிட்டர் முதுகுப்பை ஒன்றேகால் கிலோவுக்குக் கிடைக்கிறது. குழாய் இல்லை, கூடு இல்லை, சிக்குவதற்கு எதுவுமில்லை. படிக்கட்டைப் பார்த்தால் பயமும் இல்லை.

#9 தோள்பட்டை

அறுவை சிகிச்சை செய்த தோள் என்று நான்கு பதிவுக்கு முன்புதான் எழுதினேன், தம்பி.

#10 முதுகுப்பை

மன்னியுங்கள் அம்மா, நான் வழிப்போக்கரைத்தான் சொன்னேன்.

#11 வழிப்போக்கன்

முதுகுப்பை எனக்கும் ஆகாது. இறங்கியவுடன் நேரே கூட்டத்துக்குப் போக வேண்டும், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது. அளவைப் பற்றி யாராவது சொல்லுங்கள். இரண்டு பெட்டியிலும் "எல்லா விமானத்துக்கும் ஏற்றது" என்று அட்டை தொங்குகிறது. நம்பலாமா?

#12 இறகு

அந்த அட்டையைக் கிழித்துக் குப்பையில் போடுங்கள். லுஃப்தான்சாவில் 55×40×23 செ.மீ., 8 கிலோ. ஏர் பிரான்சில் 55×35×25. சிங்கப்பூர் ஏர்லைன்சில் மூன்று பக்கமும் கூட்டி 115 செ.மீ., 7 கிலோ. ஒன்றில் அகலம் குறைவு, ஒன்றில் ஆழம் குறைவு. 2015இல் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா, 55×35×20 என்று ஒரே அளவைப் பரிந்துரைத்தது. பயணிகள் கொதித்ததால் அதே மாதத்தில் நிறுத்திவைத்தது. திட்டம் போனாலும் அந்த அளவு நல்ல அளவு. மேலே சொன்ன மூன்றிலும் நுழையும்.

அளக்கும்போது சக்கரம், கைப்பிடி, புடைத்த வெளிப்பை எல்லாவற்றையும் சேர்த்து அளக்க வேண்டும். நான்கு சக்கரப் பெட்டியில் சக்கரங்கள் அடியில் துருத்தி நிற்பதால் 55இல் நாலைந்து செ.மீ. வெறும் சக்கரத்துக்கே போகிறது. இரண்டு சக்கரம் மூலைக்குள் பதிந்திருக்கும்.

#13 தோள்பட்டை

மூலைக்குள் பதிந்தால் உள்ளே மேடு தட்டும் அல்லவா? அதற்கும் இடம் போகத்தானே செய்கிறது?

#14 இறகு

போகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மேட்டுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் காலுறையும் உள்ளாடையும் சுருட்டி வைக்கலாம். அடியில் துருத்தும் சக்கரத்தின் இடுக்கில் எதையும் வைக்க முடியாது.

#15 பழையபெட்டி

அளவும் எடையும் எல்லாம் சரியாக இருந்தாலும், சின்ன விமானம் வந்தால் கதை முடிந்தது. ஏடிஆர் போன்றவற்றில் மேலடுக்கு தாழ்வானது. வாசலிலேயே சீட்டு ஒட்டிப் பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். அப்போது பவர் பேங்கை வெளியே எடுத்தே ஆக வேண்டும், கருவிக்குள் பொருத்தாத லித்தியம் பேட்டரி சரக்கறைக்குப் போகக் கூடாது. 100 வாட்-மணிவரை தனி அனுமதி வேண்டாம். வழக்கமான 20,000 மில்லிஆம்பியர்-மணி பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணிதான். பின்னால் வரிசை நிற்கும்போது பெட்டியைத் தரையில் பிளந்து துழாவாமல் இருக்க, அதைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இறகு சொன்ன வெளிப்பை நல்லது. இதைச் சொல்ல எனக்கே கசக்கிறது.

சக்கரத்தைப் பற்றியும் ஒரு சொல். பல வருடம் கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டியை வெளியே எடுத்து இழுத்தேன். பத்தடி போவதற்குள் தரையெல்லாம் கறுப்புத் துகள். திரும்பிப் பார்த்தால் சக்கரத்தின் மேற்பூச்சு ஈரமான ரொட்டிபோலப் பிய்ந்து விழுகிறது. அந்தப் பூச்சான பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதையும். ஓடாமல் கிடந்தாலும் சிதையும். அதனால் திருகாணியில் கழற்றி மாற்றக்கூடிய சக்கரமா என்று குப்புறக் கவிழ்த்துப் பாருங்கள். ஆணி அடித்து இறுக்கியிருந்தால் சக்கரத்தோடு பெட்டியும் போயிற்று.

கடைசியாக ஒரு சந்தேகம். அந்த 3.4 கிலோப் பெட்டி உண்மையிலேயே காலிதானா?

#16 இறகு

எடை பார்க்கத் தெரியாதவரா அவர்? பழைய பெட்டியைக் காப்பாற்ற இப்படியெல்லாம் வழக்காடுவதா?

#17 வழிப்போக்கன்

பழையபெட்டி ஐயா கேட்டது உறுத்தியதால் இன்று காலை எல்லா ஜிப்பையும் திறந்தேன்.

உள்துணிக்குப் பின்னால், குழாய்கள் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன ஜிப் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. அதற்குள் மடக்குக் குடை ஒன்று, போன வருடம் தொலைந்துவிட்டதென்று புதிதாக வாங்கிய பயண இஸ்திரிப் பெட்டியின் மூத்த அண்ணன், சாவியில்லாத பூட்டு ஒன்று, ஓட்டல் சோப்பு ஆறு. எல்லாவற்றையும் வெளியே போட்டு மறுபடி எடை மெஷினில் ஏறினேன்.

2.3 கிலோ.

#18 பழையபெட்டி

ஆக, கடையில் பார்த்த ஓட்டுப் பெட்டியைவிட இலேசு!

#19 இறகு

1.9ஐவிட 400 கிராம் கனம். நான் சொன்னதில் மாற்றமில்லை.

#20 வழிப்போக்கன்

400 கிராமுக்காகப் புதிதாக ஒன்றை வாங்க மனம் வரவில்லை. கைப்பிடி இன்னும் சிக்காமல் நீள்கிறது. கவிழ்த்துப் பார்த்தேன், சக்கரம் திருகாணிதான். ஒன்றில் பூச்சு வெடித்திருக்கிறது, இரண்டையும் மாற்றப் போகிறேன். சார்ஜரையும் கோப்புகளையும் தோளில் மாட்டும் சின்னப் பைக்கு மாற்றிவிட்டேன். இந்த விமானத்தில் அதற்குத் தனி அனுமதி இருக்கிறது.

#21 தோள்பட்டை

இஸ்திரிப் பெட்டி இப்போது இரண்டாகிவிட்டதே, எதை எடுத்துப் போகிறீர்கள்?

#22 வழிப்போக்கன்

எடை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அம்மா.