வீசிங், அலர்ஜிக்கு டெல்லில யார்கிட்ட காமிச்சீங்க?

மயூர் விஹார்ல இருக்கோம். எங்க வீட்டுக்காரருக்கு தீபாவளி ஒட்டி புகை இறங்குச்சுன்னா போதும், மொதல்ல தும்மல், அப்புறம் மூக்கடைப்பு, அப்புறம் விடியக்காலைல நெஞ்சுல விசில் சத்தம். மூக்குக்கு ஈஎன்டி, இருமலுக்கு தெருமுனை பிசிஷியன், அரிப்புக்கு ஸ்கின் டாக்டர்னு ஆளுக்கொரு சீட்டு குடுத்தாங்க, பாத்தா எல்லாத்துலயும் வேற வேற பேர்ல அதே அலர்ஜி மாத்திரை! யாருமே ஊதச் சொல்லி பாக்கல.

கடைசில டெல்லி யூனிவர்சிட்டி பக்கம் இருக்கற பட்டேல் செஸ்ட்ங்கற நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு போனோம் (1949லேர்ந்து இருக்கு, மெட்ரோ விஷ்வவித்யாலயா ஸ்டேஷன்). கூட்டம் ஜாஸ்தி, காலைலயே போயிடுங்க. அங்கதான் ஸ்பைரோமெட்ரி, அதாவது மிஷின்ல ஊதி மூச்ச அளக்கற டெஸ்ட் எடுத்தாங்க, ஒருதடவ ஊதிட்டு, இன்ஹேலர் மருந்து ஒரு பஃப் குடுத்து, கொஞ்சம் கழிச்சு மறுபடி ஊதணும், ரெண்டாவது தடவ ஊதற காத்தோட அளவு 12 சதவீதம், கூடவே 200 மில்லி ஏறிச்சுன்னா ஆஸ்துமா பக்கம்னு அர்த்தமாம். அப்புறம் டாக்டர் இன்ஹேலர கைல குடுத்து, எங்க, போட்டு காட்டுங்கன்னாரு. மனுஷன் வருஷக்கணக்கா அமுக்கினதுல பாதி மருந்து நாக்குலயே நின்னுருக்கு. நான் டாக்டர எடை போடறது இப்ப இத வெச்சுதான், இன்ஹேலர போடச் சொல்லி பாக்கறாரா இல்லையான்னு.

(இன்னொருத்தங்க பதில்) அக்கா, சின்னப் பசங்களுக்கு இந்த ஊதற டெஸ்ட் சரிப்படாது. எங்க ஆர்.கே.புரம் வாண்டுக்கு நாலு வயசு, ஊதுடான்னா சிரிக்கறான். அஞ்சு வயசுக்குள்ள அந்த டெஸ்ட் ஒழுங்கா வராதுன்னாங்க, குழந்தைங்க நெஞ்சு டாக்டர்கிட்டதான் போறோம், மாஸ்க் வெச்ச ஸ்பேசர்ல (இன்ஹேலர்ல மாட்டற குழாய்) மருந்து. மாண்டெலுகாஸ்ட்ங்கற ஆஸ்துமா, அலர்ஜி மருந்து எழுதறப்பவே தூக்கத்துல அலர்றானா, மூட் மாறுதான்னு கவனிங்கன்னு சொன்னாரு, அதுவே எனக்கு பெரிய நிம்மதி.

ஃபுட் அலர்ஜி பேனல்னு லேப்ல ரத்தம் எடுத்து கத்தரிக்கா, பால், கடலைன்னு நீளமா லிஸ்ட் குடுப்பாங்க, பாத்துட்டு சாப்பாட்ட நிறுத்திடாதீங்க. பாசிட்டிவ்னு வந்தாலும் சாப்பிட்டா ஒண்ணும் ஆகலன்னா அது அலர்ஜி கணக்குல வராது. தோல்ல குத்திப் பாக்கற டெஸ்ட்தான் எனக்கு எடுத்தாங்க, கால் மணி நேரத்துல தூசிப்பூச்சிக்கு தடிப்பு வந்துருச்சு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரைய நிறுத்தணும், இல்லன்னா தடிப்பே காட்டாது. ஆனா இன்ஹேலர நீங்களா நிறுத்திடாதீங்க.