ஏற்காடு ஏற பவர் பெட்ரோல் வேண்டுமா?

குழு: அம்மாயி வீடு
வியாழன், இரவு

கவிதா: மாமா, ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போகிறோம். மாமனார், மாமியாரோடு சேர்த்து அஞ்சு பேர். மலை ஏறப் பவர் பெட்ரோல் போட்டால்தான் வண்டி இழுக்கும் என்று என் வீட்டுக்காரர் ஒரே பிடியாக இருக்கிறார். நிஜமா?

தினேஷ்: மச்சான் சொல்வது சரிதான். போடுக்கா. நான் எப்பவும் பவர்தான். லிட்டருக்குச் சில ரூபாய்தானே கூட.

செல்வம் மாமா: உன் காசு, நீ போடு தினேசு. கவிதா, வண்டிப் புத்தகத்தில் பெட்ரோல் பக்கத்தை எடுத்துப் பார். என்ன நம்பர் போட்டிருக்கிறான்?

கவிதா: ஒரு நிமிஷம்.

கவிதா: ஆக்டேன் 91 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறது. டேங்க் மூடியில் இ20 ஸ்டிக்கரும் இருக்கிறது.

செல்வம் மாமா: அப்போ நார்மலே போதும்.

தினேஷ்: அவ்வளவுதானா? பவர்ல பவர் இல்லையா?

செல்வம் மாமா: பெயரில்தான் இருக்கிறது. பவர் என்பது ஆக்டேன் 95 பெட்ரோல், அவ்வளவுதான். ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலம் இல்லைடா. பிளக் பொறி விட்டதும் தீ சீராகப் பரவ வேண்டும். அது வந்து சேர்வதற்குள் ஓரத்தில் இருக்கும் மிச்சக் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானே வெடித்தால் அதுதான் நாக்கிங். அப்படி வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதற்குத்தான் அந்த நம்பர். 91 தாங்கினால் போதும் என்று கட்டிய எஞ்சினுக்கு 95 போட்டால் அது பாட்டுக்கு ஓடும், கூட ஒன்றும் தராது.

செல்வம் மாமா: இன்னொன்று. பங்கில் இப்போது வருகிற நார்மலே எத்தனால் 20 சதவீதம் கலந்தது, அதுதான் அந்த இ20. எத்தனாலின் ஆக்டேன் நூறைத் தாண்டும். பழைய காலத்தில் நார்மல் 88, பிஎஸ்6 புகை விதி வந்தபோது 91, இப்போது எத்தனால் கலந்து 95 என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025இல் சொல்லிவிட்டது. நீ காசு கொடுத்து வாங்கும் 95 ஏற்கனவே உன் டேங்கில் இருக்கிறது.

தினேஷ்: 😶

வளர்மதி: எத்தனால் வந்ததிலிருந்து மைலேஜ் போச்சு என்று எங்கள் தெருவில் எல்லாரும் புலம்புகிறார்கள் அண்ணா.

செல்வம் மாமா: அது வேற சங்கதி வளரு. எத்தனாலில் சூடு கம்மி. ஒரு லிட்டர் எத்தனால் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு வேலைதான் செய்யும். நிதி ஆயோக் 2021 அறிக்கையிலேயே, பழைய கார்களுக்கு 6–7 சதவீதம் குறையும், இ20-க்கு டியூன் செய்த கார்களுக்கு 1–2 சதவீதம்தான் என்று போட்டிருக்கிறது. அதை ஈடுகட்ட 95 வாங்குவதில் பிரயோஜனம் இல்லை. அதில் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்கிற மருந்து கொஞ்சம் இருக்கும், அது வேண்டுமானால் எப்போதாவது ஒரு டேங்க் போடலாம். தப்பில்லை.

வெள்ளி, காலை

பிரபு: மாமா, இங்கே அமெரிக்காவில் இப்பத்தான் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது, எல்லாம் படித்தேன். எனக்கு நேர்மாறான பிரச்சினை. போன மாசம் வாங்கின செகண்ட் ஹேண்ட் வண்டி, இரண்டு கதவு, குட்டி டர்போ. மூடியைத் திறந்தால் ‘பிரீமியம் மட்டும், குறைந்தது 91’ என்று இருக்கிறது. டென்வரில் பம்ப்பில் மூன்று பட்டன்: 85, 87, 91. 85-ஐத்தான் ரெகுலர் என்கிறார்கள். 91-க்கு கேலனுக்குச் சென்ட் கணக்கில் கூட. சின்ன வண்டிதானே, 85 போடலாமா?

தினேஷ்: 91ஆ? அது நம்ம நார்மல்தானே அண்ணா! நீங்க பிரீமியம் என்று சொல்வது இங்கே கவிதாக்கா போடுவதா?

பிரபு: இல்லைடா, கணக்கே வேற. இந்தியாவில் ரான் என்ற ஒரே சோதனையின் நம்பர். இங்கே ரான், மான் என்று இரண்டு சோதனை வைத்து சராசரி எழுதுவார்கள். மான் எப்பவும் குறைவாக வரும், அதனால் சராசரியும் இறங்கிவிடும். இங்கத்தி 87 என்றால் நம்ம ஊர் கணக்கில் 91, 92. இங்கத்தி 91 அங்கே 95, 96.

செல்வம் மாமா: அப்படிச் சொல்லு. பிரபு, மூடியில் ‘மட்டும்’ என்றா இருக்கிறது, ‘நல்லது’ என்றா?

பிரபு: மட்டும்.

செல்வம் மாமா: அப்போ 91தான். வண்டி சின்னதா பெரிதா என்பது கணக்கே இல்லை. டர்போ காற்றைத் திணித்து அமுக்குகிறது, அந்த அழுத்தத்துக்குத்தான் தாங்குகிற பெட்ரோல் கேட்கிறது. 85 போட்டால் உடனே ஒன்றும் உடையாது. நாக் சென்சார் கண்டுபிடித்து, பிளக் பொறி விடும் டைமிங்கைப் பின்னால் தள்ளிவிடும். இழுவை போகும், மைலேஜும் இறங்கும். லோடு ஏற்றிக்கொண்டு மலையிலும் ஹைவேயிலும் மிதித்தால் சென்சாரும் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். பிஸ்டன் போனால் அந்தச் சென்டெல்லாம் எங்கே வந்து நிற்கும்? ‘நல்லது’ என்று மட்டும் போட்டிருந்தால் 87 போட்டு ஓட்டிப்பார் என்றிருப்பேன். 85 அப்பவும் வேண்டாம்.

பிரபு: மலை ஊரில் காற்று மெல்லிசு, அதனால் 85 போதும் என்று இங்கே பெரியவர்கள் சொல்கிறார்களே?

செல்வம் மாமா: கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. அப்போ சரியாகவும் இருந்தது. காற்று குறைந்தால் அழுத்தம் குறையும், நாக்கிங்கும் குறையும். உன் டர்போதான் குறைந்த காற்றை மறுபடி திணித்துவிடுகிறதே!

பிரபு: இங்கே ஏஏஏ என்று கார்க்காரர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது. தேவையில்லாத வண்டிக்கு பிரீமியம் போட்டவர்கள் ஒரு வருஷத்தில் 1.65 கோடி பேர் என்று 2016இல் சொன்னார்கள். அதைப் படித்துவிட்டு நானும் மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்தேன் 😅

சாந்தி அத்தை: தினேஷ் அமெரிக்காவில் பிறந்திருக்க வேண்டியவன்.

கவிதா: மாமா, என் கதைக்கு வாங்க. போன தடவை ஏறும்போது ஏழெட்டு வளைவு தாண்டி பானெட் பக்கம் கிரகிரவென்று ஒரு சத்தம். அதனால்தான் அவர் பவர் பவர் என்கிறார்.

செல்வம் மாமா: இதை நேற்றே சொல்லியிருக்கலாம். என்ன கியர்?

கவிதா: மூன்றாவது. முன்னால் பஸ் போனது, மெதுவாகத்தான் ஏறினோம்.

செல்வம் மாமா: கொண்டை ஊசியில் மூன்றாவதில் மிதித்தால் எந்த எஞ்சினும் முக்கும். நாக்கிங் வருவதும் அப்போதுதான். இருபது வளைவையும் இரண்டாவதில் ஏறு, முடியாத இடத்தில் முதல். ஏசியை அணை. மேலே போகப் போக இழுவை குறையும். அதுக்குப் பெட்ரோலைத் திட்டாதே. 1,500 மீட்டரில் காற்றே பதினைந்து சதவீதம் கம்மி. இறங்கும்போதும் அதே இரண்டாவது, பிரேக்கை மட்டும் நம்பாதே.

கோபால் தாத்தா: அம்பாசிடரில் போனபோது பாதி மலையில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவோம். பெட்ரோல் எந்த நம்பர் என்று யார் கேட்டது!

செல்வம் மாமா: 🙏 கவிதா, ஒரு சோதனை. வண்டியை வாசலில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து லேசாக ஆக்சிலேட்டர் கொடு. சத்தம் வருகிறதா பார்.

கவிதா: 🎤 குரல் பதிவு 0:14

செல்வம் மாமா: இன்னொரு தடவை. போனைக் கீழே, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் வை.

கவிதா: 🎤 குரல் பதிவு 0:21

செல்வம் மாமா: இது நாக்கிங்கே இல்லை. லோடு இல்லாமல் நிற்கும் வண்டியில் நாக்கிங் எங்கிருந்து வரும்? சைலன்சர் குழாய் மேல் சூடு தடுக்க ஒரு தகரம் மூடியிருக்கும், ஹீட் ஷீல்டு. அதன் போல்ட் துருப்பிடித்து விட்டிருக்கிறது, ஒரு வேகத்தில் அதிருது. நூறு ரூபாய் பெட்ரோல் போட்டாலும் ஐநூறு ரூபாய் பெட்ரோல் போட்டாலும் அது ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

கவிதா: 😂 இதை அவரிடம் காட்டிவிட்டு வருகிறேன்.

கவிதா: படித்துவிட்டுப் பேசாமல் பல் தேய்க்கப் போய்விட்டார்.

வளர்மதி: மாப்பிள்ளையைக் கிண்டல் பண்ணாதே, குழுவில் அவரும் இருக்கிறார்.

செல்வம் மாமா: நாளைக்குக் காலையில் சேலம் குகைப் பகுதிக்கு, நம்ம வீட்டுக்குக் கொண்டு வா, ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுகிறேன். பத்து நிமிஷ வேலை. ஆனால் வண்டி ஆறியிருக்க வேண்டும், வந்ததும் கை வைக்க முடியாது. அத்தையிடம் டீ குடித்துக்கொண்டு உட்கார்.

சாந்தி அத்தை: டீ போடுகிறேன். அதுக்குப் பதில் மேலேயிருந்து மிளகு அரைக் கிலோ, காப்பிக்கொட்டை ஒரு கிலோ. வறுக்காத கொட்டையாகப் பார்த்து வாங்கு.

தினேஷ்: மாமா, நானும் வண்டியைக் கொண்டு வரட்டுமா? ஏதோ சத்தம் வருகிற மாதிரியே இருக்கிறது.

செல்வம் மாமா: உன்னதில் என்ன சத்தம்?

தினேஷ்: இதையெல்லாம் படித்த பிறகுதான் கேட்கிறது.