வருடத்துக்கு 2 முறை மனநலப் பயிற்சி: நடந்ததா, நடக்கவில்லையா?

கரிசல் டீச்சர்:
தேர்வு பயம் பற்றிய இழையில் எங்கள் வட்டார ஆசிரியர் பயிற்சிகளைக் கவனிக்கும் கருத்தாளர் சார் நேற்று எழுதியது: "உச்ச நீதிமன்றம் கேட்ட மனநலப் பயிற்சியை எங்கள் வட்டாரத்தில் வருடத்துக்கு 2 முறை முடித்துவிட்டோம்." படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட்டுக்குப் படித்த 17 வயதுப் பெண் இறந்த வழக்கு அது. 2025 ஜூலை 25 அன்று தீர்ப்பு, 15 வழிகாட்டுதல்கள். எல்லாப் பணியாளருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 2 முறை பயிற்சி, அதை நடத்த வேண்டியவர் சான்று பெற்ற மனநல வல்லுநர் என்று தெளிவாக இருக்கிறது. எங்களுக்கு நடத்தியவர் பக்கத்து ஊர் அறிவியல் ஆசிரியர். அவரே முந்தின வாரம்தான் வேறொருவரிடம் கேட்டுவிட்டு வந்தவர். இதையும் சேர்த்து 2 என்று எண்ண எப்படி மனசு வந்தது சார்?

வட்டாரக் கருத்தாளர்:
2 முறை நடந்தது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது டீச்சர், உங்களுடையதும் இருக்கும். 2020 பிப்ரவரியில் வந்த ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்திலேயே பள்ளிக்கு 2 ஆசிரியர்களைத் தூதுவர்களாக்கித்தான் பாடம் நடத்தச் சொன்னார்கள். 11 தலைப்புகளில் மனநலமும் ஒன்று. அப்போது ஆசிரியர் சொல்லிக் கொடுத்தால் சரி, இப்போது மட்டும் தப்பா?

எம்எஸ்சி சைக்காலஜி:
அது வகுப்புக்கான பாடம் சார். இது தற்கொலை அறிகுறியைக் கண்டுபிடிப்பது, உளவியல் முதலுதவி தருவது, அப்புறம் சரியான இடத்துக்கு அனுப்பி வைப்பது. 2-ஐப் பிடித்துத் தொங்குகிறீர்கள், அதே தீர்ப்பில் 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் தகுதியான ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்று இருப்பதை யாரும் பேசவில்லையே! படித்த நாங்கள் இங்கே வேலை தேடி அலைகிறோம்.

வட்டாரக் கருத்தாளர்:
தம்பி, உங்கள் வேலை விஷயத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி 2 முறை நடந்ததா என்பது. நடந்தது.

கரிசல் டீச்சர்:
எது நடந்தது என்று நானே சொல்கிறேன். முதல் தடவை காலை 10 மணிக்கு வரச் சொன்னார்கள். ப்ரொஜெக்டர் வேலை செய்ய 11 ஆனது. "குழந்தையிடம் தனிமையில், அவசரப்படாமல் பேசுங்கள்" என்று ஒரு ஸ்லைடு. எங்கள் பள்ளியில் தனிமை என்றால் ஆய்வகத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சு போட்டிருக்கும் அறைதான், அதற்குக் கதவு சாத்தாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சத்துணவை வாங்கி அப்படியே கொட்டுகிறாள், வெயிலிலும் கையை மூடிக்கொண்டு வருகிறாள். அவளை எங்கே உட்கார வைத்துப் பேசுவது என்று எழுந்து கேட்டேன். "கேள்விகள் கடைசியில்" என்றார்கள். கடைசியில் குரூப் போட்டோ எடுத்தார்கள்.

இரண்டாவது தடவை ஒரு வீடியோ லிங்க் வந்தது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் மாணவர் விவரம் ஏற்றிக்கொண்டே பாதிப் பேர் ஓட விட்டோம். சான்றிதழ் தானாக வந்துவிட்டது. இந்த 2 தானே உங்கள் 2?

அம்பத்தூர் அப்பா:
வீடியோவை ஓடவிட்டேன் என்று டீச்சரே ஒத்துக்கொள்கிறார். எங்கள் பிள்ளைகளை இவர்களை நம்பித்தானே அனுப்புகிறோம்?

கரிசல் டீச்சர்:
ஐயா, அன்று காலாண்டு விடைத்தாளும் எங்கள் மேஜையில்தான் கிடந்தது. நீங்கள் கடைசியாகப் பெற்றோர் கூட்டத்துக்கு எப்போது போனீர்கள்?

அம்பத்தூர் அப்பா:
என் வீட்டு விஷயம் உங்களுக்கு எதற்கு?

பழைய பஞ்சாங்கம்:
ஜெயலலிதா ஆட்சியில் நடமாடும் ஆலோசனை மையம் என்று வேன் விட்டார்கள், உளவியலாளரே பள்ளிக்கு வந்தார். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டீர்கள்.

எம்எஸ்சி சைக்காலஜி:
மாநிலம் முழுக்க 10 வேன் அண்ணா. ஒரு வேன் எத்தனை மாவட்டம் சுற்றும்?

பழைய பஞ்சாங்கம்:
10 ஆவது இருந்தது. போன வருடம் மடிக்கணினி இழையிலும் நீதான் குறுக்கே விழுந்தாய், நான் மறக்கவில்லை.

கரிசல் டீச்சர்:
வேனை விடுங்கள். எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை எந்தத் தாலுகா மருத்துவமனைக்கு வருகிறார் என்ற அட்டவணை தலைமையாசிரியர் அறையில் ஒட்டியிருக்க வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லி அதே தீர்ப்பில் இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து ஓடுகிற இலவச எண், தமிழிலும் பேசுகிறார்கள். எங்கள் சுவரில் இல்லை, என் கைக்காசில் எழுதி வைத்தேன். அப்புறம் போக்சோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். பிள்ளை நம்மிடம் அப்படி ஒன்றைச் சொல்லிவிட்டால் 19ஆம் பிரிவின்படி புகார் செய்தே ஆக வேண்டும், மறைத்தால் நம் மேல் வழக்கு. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதை அந்த 2 பயிற்சியிலும் யாரும் சொல்லவில்லை. எங்கள் இளம் ஆசிரியை ஒருவர் அப்படி வாக்குக் கொடுத்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் எனக்குப் போன் செய்தார்.

வட்டாரக் கருத்தாளர்:
போக்சோவுக்குத் தனிப் பயிற்சி நடந்தது. அதையும் சேர்த்தால் 3.

கரிசல் டீச்சர்:
2 இப்போது 3 ஆகிவிட்டதா! நடத்தியவர் பெயரே வேண்டாம், அவர் மனநலத்தில் என்ன சான்று பெற்றவர் என்று மட்டும் சொல்லுங்கள்.

வட்டாரக் கருத்தாளர்:
பதினெட்டு வருடம் வகுப்பறையில் நின்றவன் நான். சனிக்கிழமை விடுமுறையை விட்டுவிட்டு, மைக் செட்டுக்குச் சொந்தப் பணம் கொடுத்து நடத்தினேன். மதிப்பூதியம் இன்னும் வரவில்லை. உங்களுக்குச் சான்றிதழ்தான் பெரிது.

எம்எஸ்சி சைக்காலஜி:
உங்கள் உழைப்பை யார் சார் குறை சொன்னது? வல்லுநரைக் கூப்பிட வேண்டிய இடத்தில் உங்களை நிறுத்தியது யார் என்று கேட்கிறோம்.

வட்டாரக் கருத்தாளர்:
நீங்கள் வந்து நடத்துங்கள் தம்பி, பார்க்கிறேன். நாற்பது ஆசிரியர்கள் முன்னால் பத்து நிமிடம் தாங்க மாட்டீர்கள்.

எம்எஸ்சி சைக்காலஜி:
தேதி சொல்லுங்கள், வருகிறேன்.

அம்பத்தூர் அப்பா:
தனியார் பள்ளிக்கும் கோச்சிங் சென்டருக்கும் இது பொருந்துமா? மகன் படிக்கும் இடத்தில் கேட்டால் முழிக்கிறார்கள்.

கரிசல் டீச்சர்:
எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஐயா, விடுதிக்கும் சேர்த்து. எழுத்தில் கேளுங்கள். கருத்தாளர் சார், என் கேள்வி அப்படியே இருக்கிறது. என்ன சான்று?

வட்டாரக் கருத்தாளர்:
2 முறை நடந்தது. பதிவேடு பேசும்.

பழைய பஞ்சாங்கம்:
வேன் எங்கே நிற்கிறது என்று யாருக்காவது தெரியுமா, தெரியாதா?