ஈ கம்பி மட்டும் சுருதி சேராமல் நான்கு மாதம்

கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும் மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். மற்ற மூன்று கம்பிகளும் சொன்னபடி கேட்கும். தடித்த ஈ கம்பியை, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட் எதையும் அழுத்தாமல் மீட்டினால், சுருதி காட்டும் ட்யூனரில் சரியாக நிற்கும். 12ஆம் ஃப்ரெட் பக்கம் போனால் முள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கீபோர்டு வாசிப்பவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

முதலில் ட்யூனர் மீது சந்தேகம். அதில் ஓரளவு நியாயம் இருந்தது. ஈ கம்பி வினாடிக்குச் சுமார் 41 முறைதான் அதிர்கிறது. கிடாரின் தலையில் கவ்விக்கொள்ளும் சிறு ட்யூனர்கள் பல அதைப் பிடிக்கத் திணறும். 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை அழுத்தாமல் விரலை லேசாக வைத்து மீட்டி, ஹார்மோனிக் என்னும் மணியொலி போன்ற ஸ்வரத்தை எடுத்தால் அது 82 ஆகிவிடும், முள் சட்டென்று பிடித்துக்கொள்ளும். இன்றும் அப்படித்தான் சேர்க்கிறேன்.

பிறகு கம்பியை மாற்றினேன். வியர்வையும் அழுக்கும் ஏறிய பழைய கம்பி சீராக அதிராது என்பது உண்மைதான். ஒலி துலங்கியது, ஆட்டம் போகவில்லை.

அடுத்து, கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ். 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் அழுத்தி மீட்டும் ஸ்வரத்தையும் ஒப்பிட வேண்டும். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால், பிரிட்ஜில் அந்தக் கம்பி அமர்ந்திருக்கும் சிறு துண்டான சேடிலைப் பின்னுக்கு நகர்த்திக் கம்பியின் நீளத்தைக் கூட்ட வேண்டும், இறங்கியிருந்தால் முன்னுக்கு. ஒரு ஞாயிறு முழுக்கத் திருகினேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு. ஆடுகிற தராசில் எடை பார்க்கிறோமே என்று அப்போது உறைக்கவில்லை.

பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் பிரிட்ஜைத் தொடவே இல்லை. ஈ கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, குனிந்து பார்த்துவிட்டு, "பிக்கப்பை யார் தூக்கினார்கள்?" என்றார். நான்தான். பிக்கப் என்பது கம்பிகளுக்கு அடியில் இருந்து அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கருவி. அந்தக் கம்பியின் ஒலி குறைவாக இருக்கிறதென்று தூக்கியிருந்தேன். காந்தம் மிக அருகில் வந்து தடித்த கம்பியை இழுத்துக்கொண்டிருக்கிறது. மேல் ஃப்ரெட்டுகளை அழுத்தும்போது கம்பி இன்னும் தாழ்வதால் அங்கே ஆட்டம் அதிகம். திருகாணியைச் சில சுற்று இறக்கினார், முள் நின்றது. அதன்பின் சேடிலைச் சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கதையை அவரிடம் சொல்லவில்லை.

*

நானும் பேஸ் கிடார்தான் வாசிக்கிறேன், ஆனால் மேலே எழுதியவருக்கு நேர்மாறு. தேவாலயப் பாடகர் குழுவில் என் நான்கு கம்பிகளும் ஒரே அளவில் இறங்கி ஒலித்தன. கிடாரைக் கழற்றாத குறை. கடைசியில் பார்த்தால், கீபோர்டின் சுருதியை, அதாவது அடிப்படையான ஏ ஸ்வரம் வினாடிக்கு எத்தனை முறை அதிர வேண்டும் என்ற அளவை, யாரோ 442க்கு ஏற்றி வைத்திருந்தார்கள். என் ட்யூனர் 440இல் இருந்தது. அரை ஸ்வரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்குதான் வித்தியாசம், ஆனால் நீண்டு ஒலிக்கும் ஸ்வரங்களில் பல்லில் மணல் கடிபட்டதுபோல் இருந்தது. நான்கும் சேர்ந்து பிசகினால் கிடார் மீது பழி போடாதீர்கள்.

*

நான் மூன்றாவது பேஸ் கிடார்காரர். எனக்கு முதல் இரண்டு மூன்று ஃப்ரெட்டுகளில் மட்டும் சுருதி ஏறும். கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் அமரும் பட்டையான நட்டின் பள்ளம் ஆழம் போதாமல் கம்பி உயரத்தில் நின்றதால், அழுத்தும்போதே இழுபட்டு ஏறியது. நானே அரத்தை எடுத்து ராவினேன். சுருதி சரியாகிவிட்டது. ஆனால் ஒரு ராவு கூடிப்போய், ஃப்ரெட்டை அழுத்தாமல் மீட்டினால் ஈ கம்பி வண்டுபோல் இரைகிறது. புது நட்டுக்குச் சொல்லியிருக்கிறேன்.