ரிப்போர்ட்ல 'சைனஸ் அரித்மியா'

ராஜி: கார்த்தி, 14 வயசுப் பிள்ளையோட ஈ.சி.ஜி. ரிப்போர்ட்ல 'சைனஸ் அரித்மியா'ன்னு இருந்தா என்னடா அர்த்தம்? பயப்படணுமா?

கார்த்தி: அந்த வயசுல அது இயல்பு அத்தை. அரித்மியா கிரேக்கத்துலேர்ந்து வந்த பேர். 'ரித்மோஸ்'னா லயம், முன்னாடி வர்ற 'அ' இல்லைன்னு சொல்லும், நம்ம நீதி, அநீதி போல. ஆனா பேரை அப்படியே நம்பக் கூடாது. வேகம், ஒழுங்கு, துடிப்பு கிளம்புற இடம், எது மாறினாலும் அரித்மியாதான். துளி பிசகாம நிமிஷத்துக்கு 180 துடிச்சாலும் அதே பேர்!

மீனா: அதான் சிலர் 'டிஸ்ரித்மியா'ன்னு எழுதுறாங்க அண்ணி. 'டிஸ்'னா கோளாறு. எனக்கு அதுதான் சரியாப் படுது.

ராஜி: சைனஸ் மூக்குல இல்ல இருக்கு?

கார்த்தி: இது இதயத்துல, வலது மேலறையோட உச்சியில இருக்குற சைனஸ் கணு. 1907ல ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் ரெண்டு பேரும் விவரிச்சது. துடிப்பு அங்கேர்ந்துதான் கிளம்பணும், இந்த ரிப்போர்ட்படி அங்கேர்ந்துதான் கிளம்புது. மூச்சை இழுத்தா, இதயத்தை மெதுவாக்குற வேகஸ் நரம்போட பிடி தளர்ந்து துடிப்பு கூடும், விட்டா குறையும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் சைனஸ் அரித்மியான்னு எழுதியிருக்காங்க.

மீனா: கையிலயே பார்க்கலாம் அண்ணி. மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கமா உங்க ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைங்க. கட்டைவிரலால பிடிக்காதீங்க, அதோட சொந்த நாடி குழப்பும். பிள்ளையை மெதுவா மூச்சு இழுத்து விடச் சொல்லுங்க, நாடி ஏறி இறங்குறது தெரியும்.

சேகர்: பெரியவங்களுக்கு வர்றதும் இதேதானா?

கார்த்தி: இல்ல மாமா, அங்க கவனிக்க வேண்டியது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். லத்தீன்ல 'ஃபிப்ரா'ன்னா நார், 'ஃபிப்ரில்லா' பொடி நார். மேலறைத் தசை ஒண்ணா சுருங்காம நார்நாரா அதிரும், நிமிஷத்துக்கு 350லேர்ந்து 600 தடவை. அதுல சிலதுதான், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல இருக்குற ஏ.வி. கணு வழியா கீழறைக்கு இறங்கும், அதுவும் தாறுமாறா. மூச்சுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. இடது மேலறையை ஒட்டின சின்னப் பையில ரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். படபடப்பே இல்லாதவங்களுக்கும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எழுதுறது இதுக்குத்தான்.

மீனா: இவங்களுக்கு நாடியை 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்காதீங்க அண்ணா, முழுசா 1 நிமிஷம் எண்ணணும். அப்பவும் குறைச்சலா வரலாம். கீழறை நிரம்புறதுக்குள்ள சுருங்கினா அந்தத் துடிப்பு மணிக்கட்டு வரைக்கும் எட்டாது. நெஞ்சுல ஸ்டெத் வெச்சு எண்ணினாத்தான் சரியான கணக்கு. பி.பி.யும் ஒரே தடவையில நம்பாதீங்க, மூணு தடவை பாருங்க.

ராஜி: ரிப்போர்ட்ல மத்தது நார்மல்னு இருக்கு.

கார்த்தி: அப்போ மருந்து எதுவும் வேண்டாம் அத்தை. விளையாடும்போது மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலிச்சாலோ மட்டும் தள்ளிப்போடாம உடனே காட்டுங்க.