புதுப்பிப்பு: காலநிலைப் பொறுப்புடைமை ஆய்வுக்கான வருகைதரு நல்கை

காலநிலைப் பொறுப்புடைமை, அதாவது காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளுக்கு யார் பொறுப்பேற்க வேண்டும் என்பது குறித்து ஆராயும் பெண்களுக்கான வருகைதரு ஆய்வு நல்கைக்குச் சென்னையிலிருந்து விண்ணப்பிக்கும்போது, வடசென்னைத் தொழிற்பகுதியான எண்ணூரில் செய்த களப்பணி ஒன்றே போதுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன், முடிவு வரவில்லை.

களப்பணியைச் சான்றாக மட்டும் வைத்துக்கொண்டு, சட்டக் கேள்வியை முன்னிறுத்துமாறு நீங்கள் கூறியது சரியென்றே படுகிறது. சுவிட்சர்லாந்தின் மூத்த பெண்கள் சங்கம் தொடுத்த வழக்கில் அந்நாட்டு அரசின் காலநிலை நடவடிக்கை போதாது என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2024 ஏப்ரல் 9 அன்று அளித்த தீர்ப்பையும், அதே ஆண்டு மார்ச்சில் ரஞ்சித்சிங் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளுக்கு எதிரான உரிமையை அரசியலமைப்பின் 14 (சமத்துவம்), 21 (வாழ்வுரிமை) ஆகிய பிரிவுகளில் கண்டதையும் ஒப்பிடுவதே என் முன்மொழிவு. கானமயில் என்ற அரிய பறவையைக் காக்கத் தொடுத்த இந்த ரஞ்சித்சிங் வழக்கில் மனிதருக்கு இவ்வுரிமை கிடைத்தது என்பதே தனி ஆய்வுக்கு உரியது! அரசுகளின் காலநிலைக் கடமைகள் பற்றிச் சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலை 23 அன்று வழங்கிய ஆலோசனைக் கருத்துரையையும் சேர்த்துள்ளேன்.

நல்கை முடிந்தபின் அமெரிக்காவிலேயே வேலைக்குச் சேரலாமா என்று தோழி ஒருவர் கேட்டதற்கு: அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் நல்கையில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் அங்கு செல்பவர், பின்னர் எச்-1பி என்ற வேலை விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ பெற, பொதுவாக ஈராண்டுகள் தாய்நாட்டில் வசித்திருக்க வேண்டும். குழந்தையுடன் செல்வோர், உடன்வருவோருக்கான செலவையும் காப்பீட்டையும் யார் ஏற்பார்கள் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.