கிராங்க் அவுட் 0.07: பேரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

தொப்பூர்_ஆர்எக்ஸ்:
யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில் கிராங்க் (எஞ்சினின் சுழல் தண்டு) பேரிங் சத்தம். எஞ்சினைப் பிரித்து, கிராங்க்கை வி-பிளாக்கில் (V வடிவத் தாங்கி) வைத்துச் சுற்றி, அவுட், அதாவது தண்டு எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜில் (முள் வைத்த அளவுமானி) பார்த்தோம். மேக்னெட்டோ பக்கம் 0.07 மி.மீ., கிளச் பக்கம் 0.02. பேரிங்கை மட்டும் மாற்றிப் பூட்டலாம் என்கிறார் மெக்கானிக். சரியா?

பாலக்கோடு_பட்டறை:
தாராளமாகப் பூட்டுங்க தம்பி. முள் காட்டுவது இரட்டிப்பு அளவு. தண்டு மையம் விலகியிருப்பது 0.035 தான். கிராங்க்கைத் தட்டித் தட்டி நேராக்கினால் அதன் இரு வெப்பையும் (இரும்பு வட்டு) இணைக்கும் பின்னின் பிடிப்பு தளர்ந்துபோகும். அது அவுட்டை விட ஆபத்து.

ஓசூர்_லேத்:
அண்ணே, பாதியாக்கிப் பார்ப்பது இங்கே செல்லாது. யமஹா டூ ஸ்ட்ரோக்குக்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை 0.03. அது முள் நகரும் மொத்த அளவு. பாதியைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் கம்பெனிகள் மேனுவலிலேயே அதை எழுதிவிடும்.

அவுட் இருக்கும் பக்கத்தில்தான் மேக்னெட்டோ என்ற கனமான சக்கரம் தொங்குகிறது. தண்டு ஆட ஆட ஆயில் சீல் உதடு தேயும், வெளிக்காற்று உள்ளே போகும். பெட்ரோல் கலவை மெலிந்து, தொப்பூர் கணவாய் மாதிரி ஏற்றத்தில் முறுக்கும்போது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும். புது பேரிங் போட்டும் பயனில்லை. அவுட் ஆன கிராங்க்கில் அது சீக்கிரமே சத்தம் போட ஆரம்பிக்கும்.

பாலக்கோடு_பட்டறை:
சீல் விஷயம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 0.07 என்ற அளவே சரியா? தம்பி, வி-பிளாக்கில் எதன் மேல் தாங்கி வைத்தீங்க?

தொப்பூர்_ஆர்எக்ஸ்:
பழைய பேரிங்கைக் கழற்றவில்லை அண்ணா. அதன் மேலேயே வைத்தோம்.

பாலக்கோடு_பட்டறை:
பார்த்தீங்களா! தேய்ந்த பேரிங் மேல் உட்கார வைத்து எடுத்த அளவை வைத்து எதற்கு இவ்வளவு பேச்சு?

ஓசூர்_லேத்:
அது நியாயமான கேள்வி. ஆனால் அந்த அளவை நம்ப முடியாது என்றால், பேரிங்கை மட்டும் மாற்றிப் பூட்டலாம் என்பதையும் சொல்ல முடியாதே. உண்மை அளவு 0.07-ஐ விடக் கூடவும் இருக்கலாம். பழைய பேரிங்கைக் கழற்றி, தண்டின் இரு முனையிலும் உள்ள சென்டர் குழியைச் சுத்தம் செய்து, லேத் சென்டரில் (இருபுறக் கூர்முனைகளுக்கு நடுவே) பிடித்து மறுபடி பாருங்க. குழி ஓரம் நசுங்கியிருந்தால் அதுவே பொய் அளவு காட்டும்.

நேராக்கும்போது வெப்பில் எந்த இடத்தில் தட்டுவது என்று முள்ளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். செம்புச் சுத்தியல் போதும். பின் தளர்வது, கண்டபடி அடிக்கிற ஆளிடம் போனால்தான்.

பேரிங் வாங்கும்போது சி3 முத்திரை (உள் இடைவெளி கூடுதலான வகை) இருக்கிறதா என்று பாருங்க. இறுக்கி உட்காரும்போதும் சூடாகும்போதும் உள் இடைவெளி குறையும். சாதாரண பேரிங் அப்போது பிடிக்கும். எஞ்சின் கேஸைச் சூடாக்கினால் பேரிங் தானாக இறங்கும். கிராங்க்கை உள்ளே இழுக்க அதற்கான புல்லர் வேண்டும். முனையில் சுத்தியலால் ஓங்கினால், நேராக்கிய வெப் அங்கேயே மறுபடி நெருங்கிவிடும்.

பாலக்கோடு_பட்டறை:
சென்டரில் பிடித்துப் பாருங்க தம்பி, அதில் சண்டை இல்லை. 0.05-க்குள் வந்தால் நான் தட்டாமல் பூட்டுவேன்.

ஓசூர்_லேத்:
0.03 தாண்டினால் நான் பூட்ட மாட்டேன்.